ஐம்பது பேர்

சாவுக்கு ஐம்பது பேர் போகலாம் என்று
அரசாங்கம் சொல்லிவிட்டது.
நாடகத்துக்கு ஒரு ஆள் கூடாது.

ஆகவே மே மாதத்தில் நான்
சாட்ஸ்வொர்த்தில், படையாச்சி சகோதரர்களின் ஈமக்கூடத்துக்கு
வாசல்காரன் ஆனேன்.
பச்சை மேல்சட்டை. பட்டியல் அட்டை. பென்சில்.
கைக்குத் தெளிக்க ஒரு புட்டி.
பிணத்துக்கு நூற்றிருபது ராண்ட்.

பதினொரு வருஷம் நான் பாக்கியம் ஆன்ட்டி.
நாற்பத்தெட்டு வயது, மீசை மழித்த ஆண்,
மாம்பழ மஞ்சள் சேலையில்
இடுப்பில் கைவைத்து வாய் திறந்தால்
யூனிட் ஐந்து மன்றம் வயிறு பிடித்துக்கொள்ளும்.
சவுரி இப்போது ஐஸ்கிரீம் டப்பாவில்.
என் மகள் இரண்டு முறை
நம்பித் திறந்து ஏமாந்தாள்.

மருமகள் வேஷம் கட்டும் மொகாம்பரி
குளியலறையில் அன்னாசி ஊறவைத்து
தடை செய்த சரக்கை வேலிக்கு மேலே விற்கிறாள்.
‘மேடையில் எனக்கு இவ்வளவு கூட்டம் வந்ததில்லை’ என்கிறாள்.
விளக்குக்கார லுக்மான்
அண்ணனின் மீன் வண்டியில் ஐஸ் உடைக்கிறான்.
என் புருஷன் தயாளன், மேடைப் புருஷன்,
முன்னூற்றைம்பது ராண்ட் உதவிக்கு மனுப் போடும்போது
‘தொழில்’ என்ற கட்டத்தில் நின்றுவிட்டான்.
நடிகன் அந்தப் பட்டியலில் இல்லையாம்.
‘மற்றவை’யை அழுத்தினான்.
இரவில் போன் செய்து
இரண்டாம் காட்சி வசனத்தைத் தொடங்குவான்.
அவன் விட்ட இடத்தில் நான் பிடிப்பேன்.
சபை சிரிக்க வேண்டிய இடங்களில்
இருவரும் மூன்று விநாடி பொறுத்திருப்போம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை இறந்தவர்
ஒரு துணைத் தலைமையாசிரியர். சர்க்கரை, பிறகு இதயம்.
குடும்பம் தந்த பட்டியலில் நாற்பத்தொன்பது பெயர்.
ஐம்பதாவது நான். வாசல்காரனும் கணக்கில் சேர்த்தி.

ஐம்பத்தொன்றாக அவள் வந்தாள்.
சாம்பல் நிறக் கார்டிகன், தோளில் மழை ஈரம்.
பெயர் இருக்காது என்று தெரிந்தே வந்தவள்.
‘மன்னிக்கணும், இடமில்லை’ என்றேன்.
குரலைக் கேட்டதும்
மாஸ்க்குக்கு மேலே கண் அகன்றது.
‘பாக்கியம் ஆன்ட்டியா?’

ஆறு வருஷமாம். கடைசி வரிசை, தூணுக்குப் பின்னால்.
விளக்கு அணைந்ததும் அவர் வந்து பக்கத்தில் உட்காருவார்.
இடைவேளைக்கு முன்னால் எழுந்து போய்விடுவார்.
‘உங்க நாடகத்துல எதுலயும் ரெண்டாம் பாதி
அவருக்குத் தெரியாது.’

மேடையிலிருந்து தூணுக்குப் பின்னால் தெரியாது.
அங்கிருந்து ஒரு சிரிப்பு மட்டும்
எப்போதும் ஒரு நொடி பிந்தி வரும்,
கவனிக்காதவர்களின் சிரிப்பு.
அதற்காக நான் கோபப்பட்டிருக்கிறேன்.

பச்சைச் சட்டையைக் கழற்றினேன்.
அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது.
முடியை உள்ளே செருகச் சொன்னேன்.
‘முகத்தைப் பார்க்காதே, கையைப் பார்.
கைக்கு இரண்டு தெளிப்பு.
அழுகை வந்தால் பட்டியலைப் படி.’
உள்ளே ஐம்பது. கணக்குச் சரி.
நான் கேட்டுக்கு வெளியே, நடைபாதையில்,
கம்பிகளுக்கு நடுவே முகம் வைத்து.

பெட்டியின் தலைமாட்டில் நின்றாள்.
வாய்க்கரிசிக்கு வரிசை வந்தது.
மனைவி கை நீட்டினாள். இரண்டு தெளிப்பு.
மூத்த மகன். இரண்டு.
யாரோ ஒரு சித்தப்பா அவளைத் திட்டினார், மெதுவாகச் செய்கிறாளாம்.
‘சாரி சார்’ என்றாள்.
எனக்கு அப்படி ஒரு ‘சாரி சார்’ வந்ததே இல்லை.
வரிசை முடிந்து எல்லோரும் குருக்கள் பக்கம் திரும்பியபோது
தன் கையிலும் இரண்டு தெளித்துக்கொண்டு
தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்தாள்.
வேலைக்காரி ஏதோ சரிசெய்கிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

சட்டை மடித்துத் திரும்பி வந்தது.
பென்சில் வரவில்லை.
ஆறு ராண்ட் பிடித்தார்கள்.

ராத்திரி தயாளன் போன் செய்தான்.
இன்றைக்கு இரண்டாம் பாதியிலிருந்து எடு என்றேன்.